பெட்டிக்குள் போன கம்பளி

மார்கழியின் முதல் வாரத்தில், சமவெளித் தமிழகத்து வீடுகள் பலவற்றில் பரண்மேல் கிடந்த தகரப் பெட்டி கீழே இறங்குகிறது. அதனுள் இருப்பது கம்பளி. தை பிறந்து சில வாரங்கள் கழிந்ததும் அது மறுபடியும் பெட்டிக்குள் போய்விடும். ஆண்டில் இரண்டு மாதங்கள் மனிதரின் உடற்சூட்டோடும், எஞ்சிய பத்து மாதங்கள் இருட்டோடும் வாழும் பொருள் நம் இல்லங்களில் வேறு எதுவும் உண்டோ? கிறிஸ்து பிறப்புக் குடிலின் சுரூபங்களை மட்டுமே அதற்கு இணையாகச் சொல்லலாம். சுரூபங்களைப் பூச்சி அரிப்பதில்லை. கம்பளியை அரிக்கிறது. அதனால்தான் குளிருக்குரிய படுக்கையை வெப்பநாட்டில் எப்படித் தூய்மை செய்து காப்பது என்னும் கேள்வி நம்மவரைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகிறது.

இது வீட்டுப் பெண்களின் சிறு கவலை என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. கம்பளி யாருடைய தோளில் கிடந்தது, யாருடைய பெட்டியில் கிடந்தது, யாருடைய கடன் கணக்கில் கிடந்தது என்று பின்னோக்கிச் சென்றால் ஒரு நீண்ட வரலாறு விரிகிறது. பயன்பாட்டில் இருந்த கம்பளியைப் பூச்சி அதிகம் தொட்டதில்லை; பூட்டி வைக்கப்பட்ட கம்பளியே அதற்கு இரையாயிற்று என்பது அவ்வரலாற்றில் நாம் காணும் செய்தி.

கம்பளி என்னும் சொல் வடமொழிக் 'கம்பல'த்தோடு உறவுடையது. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் அரசுக் கருவூலத்தில் சேர்க்கத் தக்க பொருள்களை எண்ணும்போது ஆட்டு மயிர்க் கம்பளிகளின் வகைகளையும் எண்ணுகிறது. எட்டுத் துண்டுகளை இணைத்துச் செய்த, மழைநீர் புகாத, கருநிற நேபாளக் கம்பளி ஒன்றையும் அது குறிப்பிடுகிறது. கம்பளியைக் கருவூலத்தில் வைத்தவர்கள் அன்றே இருந்தார்கள் என்பதற்கு இது சான்று. தமிழில் போர்வை என்றதும் நினைவுக்கு வருபவன் பழனி மலைப்பகுதியை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன். மழைக்காலத்து மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதன்மேல் இட்டவன் அவன். மயிலுக்குப் போர்வை வேண்டியதில்லை என்று இன்றைய பள்ளிப் பிள்ளை கூடச் சொல்லும். ஆனால் அந்தப் போர்வை பெட்டியில் இல்லை, மன்னனின் தோளில் இருந்தது என்பதே நம் கட்டுரைக்கு வேண்டிய செய்தி.

மலையில் வாழ்ந்தோர் எல்லாரும் கம்பளிதான் போர்த்தினர் என்று எண்ணிவிடக் கூடாது. நீலகிரியின் தோடர் தடித்த பருத்தித் துணியில் சிவப்பும் கருப்புமாகப் பூவேலை செய்த 'பூத்துக்குளி'யைப் போர்த்தினர். அவர்கள் வளர்த்தது எருமை, ஆடு அன்று. உதகையின் உறைபனியில் வாழ்ந்த மக்களின் போர்வை பருத்தியாய் இருந்தமையால், மயிரைத் தின்னும் அந்துக்கு அதில் வேலையே இல்லாமற் போயிற்று.

கம்பளிக்கு உரியவர்கள் மேய்ப்பர்களே. தமிழகத்தின் வடமேற்கிலும், அதனை ஒட்டிய கன்னட, தெலுங்கு நாடுகளிலும் ஆடு வளர்த்த குறும்பர், குருபர் குடிகள் கம்பளி நெய்வதைத் தொன்றுதொட்டுச் செய்து வந்தனர். 'குறும்பாடு' என்ற பெயரே இந்த உறவைச் சொல்லும். ஆட்டின் மயிரைக் கத்தரித்து, கழுவி, வில்லால் அடித்துப் பஞ்சாக்கி, நூற்று, பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி ஊட்டி, குழித்தறியில் நெய்வார்கள். சாயம் கிடையாது, ஆட்டின் கருமையே கம்பளியின் கருமை. உடலில் பட்டால் முள்ளாய்க் குத்தும் முரட்டுத் துணிதான். ஆனால் அடர்ந்த நெசவும் கஞ்சியும் சேர்ந்து தூறல் நீரை வழிந்தோடச் செய்தன. மேய்ப்பருக்கு அது பகலில் குடை, நண்பகலில் விரிப்பு, இரவில் படுக்கை, வழியில் பிறந்த ஆட்டுக்குட்டிக்குத் தொட்டில்.

அந்தக் கம்பளிக்குப் பெட்டி ஏது? மேய்ப்பர் அதைச் சித்திரை வெயிலிலும் தோளில் மடித்துப் போட்டிருந்தார். நாள்தோறும் உதறினார். வெயிலில் விரித்தார். அடுப்பின் அருகே படுத்தபோது புகையும் அதில் ஏறிற்று. வியர்வையும் பாலும் கஞ்சியும் பட்ட அழுக்குக் கம்பளி பூச்சிக்கு மிகவும் பிடித்த உணவு. இருந்தும் பல ஆண்டுகள் அது உழைத்தமைக்குக் காரணம் பூச்சியின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது.

அந்து என்பது முதலில் நெல்லில் விழும் சிறு விட்டிலின் பெயர். துணியில் விழுவதற்கும் அப்பெயரையே நம்மவர் தந்தனர். துணி அந்து ஓர் அரிசியளவே நீளமுள்ள, வைக்கோல் நிறத்துப் பூச்சி. சிறகு முளைத்த பின் அது எதையும் உண்பதில்லை. அதற்கு உண்ணும் வாயே இல்லை. தின்பதெல்லாம் அதன் புழு. மயிர், இறகு, நகம் ஆகியவற்றின் ஆக்கப் பொருளான கெரட்டின் என்னும் புரதத்தில் கந்தகப் பிணைப்புகள் நிறைந்திருப்பதால் மிகச் சில உயிர்களே அதைச் செரிக்க வல்லவை. இப்புழு அவற்றுள் ஒன்று. காட்டில் பறவைக் கூட்டிலும் இறந்த விலங்கின் தோலிலும் துப்புரவுப் பணி செய்யும் உயிர், நம் வீட்டில் கம்பளியைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டது. வெளிச்சத்தையும் அசைவையும் அது வெறுக்கிறது. விளக்கைச் சுற்றிப் பறக்கும் விட்டிலை அடித்துவிட்டுக் கம்பளியைக் காப்பாற்றியதாக நாம் மகிழ்வது வீண்; துணி அந்து விளக்கை நாடுவதில்லை, இருண்ட மடிப்பையே நாடுகிறது. வெப்பமான இடத்தில் அதன் முட்டை ஒரு வாரத்திற்குள் பொரிந்துவிடும். நம் நாட்டின் பத்து மாத இருட்டு அதற்குப் பல தலைமுறை வாழ்வு. கம்பள வண்டு எனப்படும் மற்றொரு சிறு வண்டின் மயிரடர்ந்த புழுவும் இதே தொழிலைச் செய்கிறது.

ஆக, அந்துவின் வரலாறு உண்மையில் பெட்டியின் வரலாறே. பெட்டி நிறைய ஆடை சேர்த்தவர்களைக் காண, பகலில் வெயிலும் இரவில் குளிருமான பாலஸ்தீன நாட்டுக்குச் சற்றே செல்வோம்.

வங்கி இல்லாத அக்காலத்தில் ஆடையும் ஒரு செல்வம். சிம்சோன் விடுகதைக்குப் பந்தயம் வைத்தது முப்பது உடைகளை. சிரியாவின் படைத்தலைவன் நாமான் நலம் தேடிப் புறப்பட்டபோது வெள்ளியோடும் பொன்னோடும் பத்துப் பட்டாடைகளை எடுத்துச் சென்றான். எரிகோவின் கொள்ளைப் பொருளில் ஆக்கான் ஒளித்து வைத்தவற்றுள் அழகிய மேலாடை ஒன்றும் இருந்தது. விவிலியத்தில் பூச்சி அரித்த ஆடையைப் பற்றிப் படிக்கும்போது நாம் அழகுக் கேட்டை மட்டும் எண்ணுகிறோம். அன்றைய மக்களோ சேமிப்பு அழிந்ததை எண்ணினர். எசாயாவின் 51-ஆம் அதிகாரம் ஆட்டு மயிரை அரிக்கும் புழுவைத் தனியே பெயரிட்டுச் சொல்வதும், யாக்கோபின் திருமுகம் செல்வரின் ஆடைகளைப் பூச்சி தின்றதைச் சொல்வதும் இந்தப் பின்னணியில்தான். லேவியர் நூலின் 13-ஆம் அதிகாரம் கம்பளி ஆடையிலும் நார்ப்பட்டாடையிலும் படரும் பூசணத்தை விரிவாகவே பேசுகிறது: குரு அதைப் பார்வையிட வேண்டும், ஏழு நாள் அடைத்து வைத்து மறுபடியும் பார்க்க வேண்டும், பரவியிருந்தால் எரிக்க வேண்டும், பரவாதிருந்தால் துவைத்து, மீண்டும் ஏழு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுத் துணியைப் பராமரிக்கும் நெறியாக மட்டும் படித்தாலும் அதில் குறை காண்பது அரிது.

ஏழைக்கோ இருந்தது ஒரே மேலாடை. பகலில் அதை உடுத்தி, இரவில் அதையே போர்த்திப் படுத்தான். கடனுக்கு அடகாக அதை வாங்கியவன் கதிரவன் மறையும் முன் திருப்பித் தரவேண்டும் என விடுதலைப் பயண நூலின் 22-ஆம் அதிகாரமும் இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரமும் கட்டளையிட்டமைக்கு அதுவே காரணம். இது ஏட்டுச் சட்டமாய் மட்டும் இருந்துவிடவில்லை என்பதற்கு ஒரு மண்ணோட்டுச் சான்று உண்டு. 1960-ஆம் ஆண்டில், இசுரயேல் நாட்டுக் கடற்கரையில் உள்ள மெட்சாத் ஹஷாவ்யாஹு என்னும் பழங்கோட்டையை அகழ்ந்தபோது, எபிரேய எழுத்துகள் கொண்ட ஓட்டுத் துண்டு ஒன்று கிடைத்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, ஓர் அறுவடைக் கூலியாள் அதிகாரிக்கு எழுதுவித்த முறையீடு. தன் பங்கு வேலையைத் தான் முடித்துவிட்டதாகவும், ஆயினும் மேற்பார்வையாளன் தன் ஆடையை எடுத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை என்றும், உடன் அறுத்தவர்கள் இதற்குச் சான்று என்றும் அதில் அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய பெயர் அதில் இல்லை. ஆடை திரும்பக் கிடைத்ததா என்ற செய்தியும் இல்லை. ஆனால் ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏழையின் போர்வைக்காக எழுந்த குரல் அந்த ஓட்டில் இன்றும் ஒலிக்கிறது.

4-ஆம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் புனித பசிலியார், பெட்டியில் பூட்டிய மேலாடை உடையற்றவனுக்கே சொந்தம் என்ற கருத்தைத் தம் மறையுரையில் அழுத்திச் சொன்னார். அதே நூற்றாண்டில் அமியேன் நகர வாயிலில் உரோமைப் போர்வீரர் மார்ட்டின் தம் போர்வையை வாளால் இரண்டாக்கிப் பாதியை இரவலனுக்குத் தந்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். அதன் பிற்பகுதி அவ்வளவாக அறியப்படாதது. மார்ட்டினின் போர்வை என்று போற்றப்பட்ட துணியைப் பிராங்க் இனத்து அரசர்கள் திருப்பண்டமாகக் காத்தனர். இலத்தீனில் சிறு போர்வையைக் குறிக்கும் 'கப்பெல்லா' என்ற சொல், அதை வைத்திருந்த இடத்துக்குப் பெயராகி, பின்னர்ச் சிற்றாலயங்கள் அனைத்துக்கும் பெயராயிற்று. அதைக் காத்த குருக்களின் பெயர் 'சாப்ளின்' என்று இன்று மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் வழங்குகிறது. ஒரு போர்வையைப் பத்திரப்படுத்தியதிலிருந்து பிறந்த சொற்கள் இவை. இரவலன் பெற்ற மறுபாதி எந்தப் பேழையிலும் இல்லை. அது உடுத்தித் தேய்ந்திருக்கும்.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி ஏறினார். அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் ஐரோப்பிய வீடுகள் எழுந்தன. 1845-இல் அமெரிக்க மறைப்பணியாளர் கோடைக்கானலில் குடியேறினர். 1860-களில் நம் சலேத்து மாதா ஆலயம் அங்கு எழுந்தது. 1895-இல் செண்பகனூரில் இயேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரி தோன்றியது. 1870-இல் உதகை சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகரமே ஆயிற்று. ஆண்டுதோறும் வெயில் தொடங்கியதும் அலுவலரும் குடும்பமும் கோப்புகளும் படுக்கைச் சுருள்களும் மலையேறின; பருவம் முடிந்ததும் இறங்கின. தோளில் வாழ்ந்த கம்பளி பெருவாரியாகப் பெட்டிக்குள் புகுந்தது இக்காலத்தில்தான். சீனத்திலிருந்து வந்த, பித்தளைப் பட்டை பதித்த கற்பூர மரப் பெட்டிகள் ஐரோப்பியர் வீடுகளில் இடம்பெற்றன. அம்மரத்தின் மணம் பூச்சியை விலக்கும் என்பதே அவற்றின் மதிப்பு. மணம் புதிதாய் இருக்கும்வரை அதில் உண்மையும் உண்டு.

பெட்டி சீனத்திலிருந்து வந்தாலும் துவைப்பு நம்மூரதுதானே? இங்கேதான் கம்பளி பெருந்துன்பம் அடைந்தது. நம் சலவைக் கலை பருத்திக்கென்றே வளர்ந்தது. உவர்மண் கரைத்த நீரில் ஊறவைத்து, வெள்ளாவியில் வேகவைத்து, கல்லில் அடித்து, கஞ்சி போட்டு, வெயிலில் உலர்த்தினால் பருத்தி பால்போல் வெளுக்கும். அதே முறையைக் கம்பளிக்குக் காட்டினால் அது அழியும். உவர்மண்ணின் காரம் மயிரின் புரதத்தைக் கரைக்கிறது. கம்பளி இழையின் மேல் ஓட்டுக் கூரைபோல் அடுக்கிய செதில்கள் உண்டு. சூட்டிலும் அடியிலும் அச்செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விட்டால் பின்னர் விலகா. ஆறடிக் கம்பளி நாலடியாய்ச் சுருங்கித் தடித்துப் போவது இதனால்தான். சலவைத் தொழிலாளரைத் திட்டிப் பயனில்லை. அவர் கற்ற கலை வேறு நாருக்குரியது.

ஆனால் மருந்தும் நம் கையிலேயே இருந்தது. நகையைக் கழுவவும் பட்டைத் துவைக்கவும் நம் பாட்டிமார் வைத்திருந்த பூந்திக்கொட்டையில் காரம் இல்லை. காஷ்மீரத்துச் சால்வைகளை அலசுவதும் இதே கொட்டையின் நுரையில்தான். கொட்டையை உடைத்து விதை நீக்கி, தோலை இரவு முழுதும் ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டிய நீரே போதும். உவர்மண்ணை மறந்து பூந்திக்கொட்டையை நினைத்திருந்தால் எத்தனையோ கம்பளிகள் பிழைத்திருக்கும் என்று நாம் எண்ணுவதுண்டு.

அடுத்து வந்தது வெள்ளை உருண்டை. இங்கிலாந்தில் 1820-ஆம் ஆண்டை ஒட்டி நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட நாப்தலீன், தெரு விளக்குக்கு வாயு தயாரித்த ஆலைகளின் கழிவிலிருந்து மலிவாகக் கிடைத்தது. திண்மமாய் இருந்து நீராகாமலே ஆவியாகும் இயல்பு அதற்கு உண்டு. அந்த ஆவி இறுக மூடிய பெட்டியில் அடர்ந்து நின்றால் புழுவைக் கொல்லும். சந்துள்ள அலமாரியில் நாற்றத்தை மட்டுமே தரும். நம்மவர் அதற்கு அந்துருண்டை, பாச்சை உருண்டை, பூச்சி உருண்டை, ரசகற்பூரம் என்று பல பெயரிட்டனர். கடைசிப் பெயர் சற்று ஆபத்தானது. கற்பூரம் என்ற சொல்லைக் கேட்டால் நம் மனத்தில் தூய்மையின் எண்ணம் எழும்; இதுவோ தாரின் பிள்ளை. (உண்மைக் கற்பூரமும் குழந்தை விழுங்கினால் நஞ்சுதான் என்பதை இங்கே சொல்லி வைக்கிறோம்.)

இந்த உருண்டையின் விலையைக் கொடுத்தவர்கள் பச்சிளங் குழந்தைகள். சிவப்பணுவைக் காக்கும் ஜி-6-பி-டி என்னும் நொதி சிலரிடம் பிறவியிலேயே குறைவு. மலேரியா நெடுங்காலம் ஆண்ட நாடுகளில் இக்குறை மிகுதி என்பது 1950-களுக்குப் பின் தெளிவாயிற்று. நம் நாடும் அத்தகையதே. இக்குறையுள்ளோர் நாப்தலீன் ஆவியைச் சுவாசித்தால் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சட்காமாலை வரக்கூடும். கிரேக்க நாட்டில் இவ்வாறு பாதிக்கப்பட்ட 21 பச்சிளங் குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் 1963-இல் எழுதினர். அவர்கள் உருண்டையை விழுங்கியவர்கள் அல்லர். அதன் ஆவி ஏறிய துணிகளின் அருகே கிடந்தவர்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2002-இல் நாப்தலீனைப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் அந்துருண்டையில் அதன் பயனைத் தடுத்தது.

மார்கழியில் பிறக்கும் குழந்தையைப் பெட்டியிலிருந்து அப்போதே எடுத்த, உருண்டை மணக்கும் கம்பளியில் சுற்றும் வழக்கம் நம் ஊர்களில் அரிதன்று. அன்பினால் செய்வது, ஆயினும் நிறுத்த வேண்டியது. பிறந்த குழந்தையைத் துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டித் துணியில் சுற்றிய பாட்டிமாரின் வழக்கமே இங்கு மேலானது. உருண்டை போட்ட பெட்டியில் கம்பளி இருக்குமானால் அதைத் துவைத்து, மணம் அறவே நீங்கும்வரை பல நாள் வெயிலும் காற்றும் படவிட்ட பிறகே பெரியவர்களும் போர்த்த வேண்டும்.

கம்பளியைப் பெட்டியில் வைக்க வழியில்லாத ஒரு கூட்டமும் அதே மலைகளில் இருந்தது. மதுரை, திருச்சி, சேலம் முதலிய சீமைகளிலிருந்து இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும், நீலகிரி, வால்பாறை, மூணாறு மலைகளுக்கும் சென்ற நம் மக்களே அவர்கள். வெயிலில் பிறந்து வளர்ந்த அவர்களுக்குப் பனியும் இடைவிடாத மழையும் புதியவை. தோட்டத்தில் அவர்கள் பெற்ற முதற் பொருள்களுள் கம்பளி ஒன்று. ஆங்கிலத் துரைமார் அதைக் 'கம்பிளி' என்றே எழுதினர்; ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886-இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியிலும் அச்சொல் இடம்பெற்றது. ஆனால் அது கொடை அன்று. அரிசியைப் போலவே கம்பளியின் விலையும் தொழிலாளியின் பெயரில் பற்று எழுதப்பட்டது. இலங்கையில் தொழிலாளியின் கடன் தொகையைக் காட்டும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். கடனைத் தீர்ப்பவர் கையில் தொழிலாளி மாறுவார். 1921-இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தோளில் போடும் துணிக்கும் கழுத்தைச் சுற்றிய கடனுக்கும் தமிழில் ஒரே சொல் அமைந்தது தற்செயலே. ஆனாலும் அத்தற்செயல் நெஞ்சை உறுத்துகிறது.

அந்தக் கம்பளியை அந்து அரிக்கவில்லை. தலையிலிருந்து முதுகுவழி தொங்கி, கொழுந்துக் கூடையின் கயிற்றுக்கு அடியில் நாளெல்லாம் நனைந்து, மாலையில் லயத்து அறையின் அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கி, காய்ந்தும் காயாமலும் இரவுப் போர்வையாயிற்று. அதற்குப் பகை ஈரமும் பூசணமும். சுதந்திர இந்தியாவில் இயற்றப்பட்ட 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைச்சட்டை போன்றவற்றை முதலாளி வழங்குமாறு விதிசெய்ய மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. கடன் ஏட்டில் இருந்த கம்பளி சட்ட ஏட்டுக்கு வர ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

இதற்கிடையில் மேய்ப்பரின் முரட்டுக் கம்பளி மெல்ல மறைந்து வந்தது. மேச்சேரி, வேம்பூர், கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை எனத் தமிழகம் இன்று பெரிதும் வளர்க்கும் ஆடுகள் இறைச்சிக்கானவை. அவற்றின் மயிர் நெசவுக்கு உதவாது. கோயம்புத்தூர், திருச்சிக் கருப்பு இனங்கள் தருவது கம்பளத்துக்குரிய பரும்படி மயிர். மென்மயிர் தருவது 19-ஆம் நூற்றாண்டில் மெரினோ முதலிய வெளிநாட்டு ஆடுகளின் கலப்பில் உருவான நீலகிரி ஆடு ஒன்றே. கடைகளில் இன்று கம்பளி என்று விற்பதில் பெரும்பகுதி செயற்கை இழை. அதனை அந்து செரிக்காது. ஆயினும் மயிர்க் கம்பளி இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதைக் காக்கும் முறையைச் சொல்லி முடிப்போம்.

நம் குளிர் வடகிழக்குப் பருவமழையின் முதுகில் ஏறி வருகிறது. எனவே கம்பளியை வெளியே எடுக்கும் காலம் ஈரமான காலம். உள்ளே வைக்கும் மாசி மாதமோ உலர்ந்த வெயிற்காலம். இது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. முதலில் கம்பளியை வெயிலில் விரித்து, இருபுறமும் தூரிகையால் தேய்த்து, விளிம்பையும் தையலையும் ஆராய வேண்டும். முட்டையும் புழுவும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அழுக்கோடு உள்ளே வைப்பதே முதற்குற்றம். வியர்வை படாத தூய கம்பளியில் புழு நன்கு வளர்வதில்லை. பூந்திக்கொட்டை நீரில், கை பொறுக்கும் குளிர்ந்த நீரில், அமுக்கி அமுக்கி அலச வேண்டும். கசக்கவும் முறுக்கவும் கூடாது. ஈரக் கம்பளியைக் கொடியில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே நீண்டுவிடும். பாயில் பரப்பி நிழலில் உலர்த்தி, முற்றும் காய்ந்தபின் ஒரு நாள் வெயில் காட்டி, சூடு ஆறிய பிறகே மடிக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும்.

பழைய வேட்டியில் சுற்றி, மூடி இறுகப் பொருந்தும் தகரப் பெட்டியில் வைப்பது நன்று. வேப்பிலையும் வசம்பும் வெட்டிவேரும் உலர்ந்த நிலையில் உடன் வைக்கலாம். தாய்ப் பூச்சியை அவை ஓரளவு விலக்கும். உள்ளே முன்பே புகுந்த புழுவைக் கொல்லா. பச்சை இலையை வைத்தால் அதன் ஈரமே பூசணத்துக்கு அழைப்பாகும். கடற்கரை ஊர்களில் நெகிழிப் பையில் கட்டி வைப்பதை நாம் பரிந்துரைப்பதில்லை. சிறிதளவு ஈரம் உள்ளே தங்கினாலும் போதும், கரும்புள்ளி விழும். அருங்காட்சியகங்கள் அரிய கம்பளிகளைப் பையில் காற்றுப் புகாமல் அடைத்து, உறைநிலைக்குக் கீழே 18 பாகையில் இரண்டு வாரம் வைத்துப் பூச்சியைக் கொல்கின்றன. சிறிய சால்வைக்கு வீட்டுக் குளிர்பெட்டியின் உறை அறையிலும் இது இயலும்.

சித்திரையில் ஒரு நாள், புரட்டாசியில் மழைக்கு முன் ஒரு நாள் பெட்டியைத் திறந்து, கம்பளியை உதறி, வெயிலில் விரித்து, வேறு மடிப்பாக மடித்து வைக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரே கோட்டில் மடித்த கம்பளி, பூச்சி தொடாவிட்டாலும், அந்தக் கோட்டிலேயே ஒரு நாள் கிழியும்.